பதினோராயிரம் மணி நேரம் ஓடிய புது டிஸ்க்

பெங் குய்-யிங் தன் கடையைத் திறந்தது பேய் மாதத்தில். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் முழுக்க ஆவிகள் தெருவில் அலையும் என்று தைவான் தலைநகர் தாய்பேயில் பாதிப் பேர் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதனால் வாடகை இறங்கிக் கிடந்தது. "ஆவி வந்தா அதுக்கும் ஒரு கீபோர்டு விக்கிறேன்" என்று சொல்லிவிட்டு யிங் சாவியை வாங்கிக்கொண்டாள். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. நல்ல நாள் பார்த்துத் திறந்த கடைகள் அந்தக் கணினி அங்காடியின் மூன்றாம் மாடியில் எத்தனையோ மூடிவிட்டன. கணவன் பெயரோ மாமனார் பெயரோ இல்லாமல் 'குய்-யிங் கணினி' என்று பலகை மாட்டிய கடை நிற்கிறது.

அதற்கு முன் அவள் ஒரு தொழிற்சாலையில் மதர்போர்டு பூட்டும் வரிசையில் நின்றவள். பழுது பார்க்கும் மேசைக்கு ஆண்களை மட்டுமே எடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர் சிரித்தார். காரணம் இல்லாதவர்கள் சிரிப்பார்கள் என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. அடுத்த மாதமே வேலையை உதறிவிட்டு வெளியில் தொழில் கற்றாள்.

அந்த மாடியில் ஒவ்வொரு கடை மேசையிலும் ஒரு பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். தேங்காய் மணக்கும் சோளப்பொரி. இயந்திரத்தின் மேல் வைத்தால் அது மக்கர் பண்ணாமல் சமர்த்தாக ஓடும் என்று நம்பிக்கை. நிறம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி கடந்திருக்கக் கூடாது, பிரித்துத் தின்றுவிடவே கூடாது. யிங் கடையில் மட்டும் அது கிடையாது.

ஒரு ஞாயிறு மதியம் வஹ்யுனி வந்தாள். ஜாவாக்காரி. ஒன்பது வருடமாக இந்த ஊரில் ஒரு வீட்டில் தங்கி, படுத்த படுக்கையான பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அக்கா, போன ஞாயித்துக்கிழமைதான் புது டிஸ்க் போட்டேன். எதிர்க்கடையில. இப்ப டிக் டிக்னு சத்தம் வருது, பாதியில நின்னுடுது. அஞ்சல்வழியா படிக்கிறேன், அதோட ஆய்வேடு இதுலதான் இருக்கு. இன்னிக்கு அனுப்பலன்னா பட்டம் கிடையாது."

"எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகணும்?"

"ஆறுக்குள்ள. அப்புறம் லேப்டாப்பத் தொட விடமாட்டாங்க."

லேப்டாப்பின் மூடியில் ஒரு பச்சைப் பொட்டலம் நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்ன?"

"அந்த ஐயாதான் ஒட்டினாரு. இது இருந்தா ஒண்ணும் ஆகாதாம்."

"ரசீது?"

"அது குடுக்கல."

யிங் பொட்டலத்தைப் பிய்த்து ஓரமாக வைத்தாள். டிஸ்கைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினாள். ஒவ்வொரு டிஸ்கும் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். திரையில் எண் வந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் மணி நேரம். பழசைப் புதுசு என்று விற்கிறவர்கள் வழக்கமாக அந்த எண்ணை அழித்துவிடுவார்கள். இந்தப் பெண்ணை ஏமாற்ற அந்தச் சிரமம்கூட வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்கள். யிங்குக்குக் காது சூடேறியது.

ஆனால் முதலில் ஆய்வேட்டைக் காப்பாற்ற வேண்டும். "சாகப்போற டிஸ்க் இது. இருக்கிறத உடனே வேற ஒண்ணுக்கு மாத்தணும். எது வேணும் சொல்லு."

"பெருசா இருக்கிறது. பெருசுதான் நல்லதுன்னு அவர் சொன்னாரு."

"அவர் சொன்னத விடு. இதை எங்க வெச்சு எழுதுவ?"

"அடுப்படியில. பஸ்ல. பெரியவர் கட்டில்ல, அவர் கால்மாட்டுல. கோவம் வந்தா எட்டி உதைப்பாரு. ரெண்டு தடவை கீழ விழுந்திருக்கு."

"அப்ப உள்ள தட்டு சுத்துற டிஸ்கே உனக்கு ஆகாது. உதை வாங்கினா ஊசி தட்டுல கீறிடும். எஸ்.எஸ்.டி. போடு, அதுல சுத்துறது ஒண்ணும் கிடையாது. படம் நிறைய வெச்சிருக்கியா?"

"இல்லக்கா. எழுத்துதான்."

"அப்ப இதுல கால்வாசி அளவு போதும். பெருசு வாங்கிக் காலியா சுமக்காத."

யிங் இரண்டு எடுத்து வைத்தாள். சூயிங்கம் பட்டை போல மெலிதாக ஒன்று, சீட்டுக்கட்டு போலத் தட்டையாக ஒன்று. வஹ்யுனி தன் லேப்டாப்பின் வயிற்றில் காலியாக இருந்த இடத்தைக் கையால் அளந்தாள். தட்டையானதை எடுத்தாள்.

"இதுதான் என்னோடதுல உக்காரும்."

"ஆமா. உக்காரும்."

நகல் ஓடத் தொடங்கியது. ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. எதிர்க்கடை கோ அண்ணன் அதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாடிச் சங்கத்துத் தலைவர். யிங் சாப்பிடப் போகும்போது அவள் கடையைப் பார்த்துக்கொள்கிறவர்.

"யிங், பொட்டலத்த ஏம்மா பிச்ச? அதான் நிக்குது. திரும்ப ஒட்டு."

யிங் பொட்டலத்தை எடுத்தாள். சரக்கென்று வாயைக் கிழித்தாள். கோ ஒரு அடி பின்னால் போனார். அவள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, பொட்டலத்தை வஹ்யுனியிடம் நீட்டினாள். வஹ்யுனி ஒரு கணம் யோசித்துவிட்டு அள்ளிக்கொண்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். நகலின் அளவைக் காட்டும் கோடு நகர்ந்துகொண்டே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு, எடுத்துக்குங்கண்ணே" என்று யிங் அந்த எண் இருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள். "புதுசுன்னு வித்தது பதினோராயிரம் மணி நேரம் ஓடியிருக்கு."

கோ குரலைத் தாழ்த்தினார். "வெளிநாட்டுப் பொண்ணுக்காக என் மானத்த வாங்கறியா? இருபது வருஷப் பழக்கம்."

"நம்ம ஊர்ப் பெரியவரைக் குளிப்பாட்டித் துடைக்கிறப்ப மட்டும் அவ வெளிநாடு இல்லியாண்ணே?"

கோ சிரித்தார். யிங்குக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். கையை நீட்டியபடியே நின்றாள், அவர் டிஸ்குக்கு வாங்கிய பணத்தைக் கொண்டுவந்து வைக்கும்வரை. "இனிமே உன் கடையப் பாத்துக்க வேற ஆளப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பூட்டிட்டுப் போய்க்கிறேன்" என்றாள் யிங்.

நகல் முடிந்தது. யிங் புது டிஸ்கைப் பூட்டினாள். ஆய்வேடு முழுசாகத் திறந்தது. அந்த மேசையிலேயே, யிங்கின் இணையத்திலேயே, வஹ்யுனி அதை அனுப்பினாள்.

"எதப் பத்தி எழுதியிருக்க?"

"எங்களப் பத்திதான். வீட்டு வேலை செய்றவங்க எத்தனை மணி நேரம் உழைக்கிறோம்னு. சட்டத்துல எங்களுக்கு அந்தக் கணக்கே இல்லக்கா." கழற்றிய டிஸ்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "பாருங்க, ஒரு தகரம் உழைச்சதுக்குக்கூடக் கணக்கு இருக்கு."

யிங் லேப்டாப்பை மூடி அவள் பையில் வைத்துக் கொடுத்தாள்.

வஹ்யுனி தலை நிமிர்ந்து மாடிப்படி இறங்கிப் போனாள். அடுத்த ஞாயிறு கோவின் கடை முன்னால் நாலைந்து ஜாவாக்காரப் பெண்கள் நின்றார்கள். அவர் எடுத்து வைத்த பச்சைப் பொட்டலத்தை ஒருத்தி மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"அது இருக்கட்டும் ஐயா. மணி நேரத்தக் காட்டுங்க."

யிங் தன் கடையிலிருந்து அதைக் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்து போனாள்.