ஆர்டர் கார்டின் அடியில் இரண்டு வரி

என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோது கொல்லம் கோர்ட்டிலிருந்து எனக்குச் சம்மன் வந்தது. குழந்தையைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் மனுப் போட்டிருந்தார். அவருக்குக் கொல்லத்தில் பட்டாசுக்கடை. அவருடைய அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சண்டை வந்தால் இவர் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்பார். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சிவகாசியில் என் பிறந்த வீட்டுக்கு ரயிலேறிவிட்டேன்.

மனுவைப் படிக்கக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருக்கன்குடிக் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போடப் போன நான், அப்படியே அவளை இங்கே நிறுத்திவைத்துக்கொண்டேனாம். ஒரு மொட்டைக்கு இரண்டு வருஷமா ஆகும்?

எங்கள் வக்கீல் நிதானமானவர். "பிள்ளை வளக்கமா எங்கன இருக்கோ, அங்கன உள்ள கோர்ட்டுதான் விசாரிக்கணும். கொல்லம் இப்ப கேரளா. நமக்கு மதுரைக் கோர்ட்டு. பிள்ளை இங்கனயே இருக்கட்டும்னு அவரும் சம்மதிச்சாருன்னு காட்டணும். ஏதாச்சும் எழுத்து வச்சிருக்கீகளா?" என்றார்.

பள்ளிக்கூடச் சான்று இருந்தது. அவரைக் கேட்காமல் நீங்களாகச் சேர்த்தீர்கள் என்பார்கள், அது மட்டும் போதாது என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வழக்கு கொல்லத்தில் நடந்தால் வாய்தாவுக்கு வாய்தா ரயிலேற வேண்டும். பாஷை தெரியாது. சாட்சி சொல்ல அவர்கள் தெருவே திரண்டு வரும். பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அந்தக் கார்டு ஞாபகம் வந்தது. பக்கத்து நாரணாபுரத்தில் என்னைப் பெற்ற ஐயாவுக்குச் சின்னப் பட்டாசுக் கம்பெனி. மாப்பிள்ளையும் அவரிடம்தான் சரக்கு எடுப்பார். நான் பிரிந்து வந்த பிறகும் அது நிற்கவில்லை. வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டரைத் தபால் கார்டில் எழுதி, மிச்ச இடத்தில் வீட்டுச் சேதியையும் எழுதிவிடுவார்கள். அதற்கென்று தனிக் கார்டு வாங்க மனசு வராது. நான் வந்த வருஷம் அவர் போட்ட ஆர்டரின் அடியிலும் இரண்டு வரி இருந்தது. ஐயா எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, மற்றக் கார்டுகளோடு கம்பியில் குத்திவிட்டார்.

சீசனுக்கு ஒரு கம்பி அவருக்கு. போன போகிக்கு நான்தான், "இந்தக் குப்பையை எதுக்குச் சேத்து வைக்கீக? எரிச்சுத் தொலைங்க" என்று கத்தியிருந்தேன். இப்போது அவரிடம் கேட்கவே வாய் கூசியது.

"நீ சொன்னா நான் எரிச்சிருவேனா, தாயி?" என்று சொல்லி, லேபிள் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து அந்த வருஷத்துக் கம்பியை உருவினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கொல்லம் கோர்ட்டில் கார்டை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். சரவெடி, பூவாணம், மத்தாப்பு. அதற்குக் கீழே, "பாப்பா அங்கேயே படிக்கட்டும். இங்கே கொண்டுவர வேண்டாம்." அவருடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். அதற்குள் இவர் வாயைத் திறந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேளைக்கு வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"என் எழுத்துதாங்க."

குழந்தை வசிப்பது மதராஸ் ராஜ்யத்தில், இந்தக் கோர்ட் விசாரிக்க முடியாது என்று நீதிபதி மனுவைத் திருப்பிவிட்டார். திரும்பும் ரயிலில் மகள் என் மடியில் தூங்கினாள். செங்கோட்டை தாண்டியதும் எனக்கு அப்படி ஒரு பசி. ஐயா வாங்கித் தந்த இட்லியை எண்ணாமல் சாப்பிட்டேன்.

மதுரையில் அவர் மனுப் போடவே இல்லை. அடுத்த சீசனுக்கு வழக்கம்போல ஆர்டர் கார்டு வந்தது. அடியில், "பாப்பா எத்தனாவது படிக்கிறாள்?" என்று கேட்டிருந்தார். லோடு அனுப்பிய விவரத்தை ஐயா பதில் கார்டில் எழுதி முடித்ததும் நான் அதை வாங்கி, மிச்ச இடத்தில், "மூன்றாவது. உங்களை விசாரித்தாள்" என்று எழுதினேன்.