ஜெஸீமா ராத்தா சொல்லாத நன்றி

இரண்டு மாதத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, புத்தளம் பாலாவியில் என் வீட்டுக்கு அஸ்ரா வந்தாள். நண்பரின் மகள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். தலைப்பு - வெளிநாட்டு மனிதாபிமான உதவியின் வரலாறு. யார் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள், கொடுத்ததைப் பற்றி என்ன எழுதி வைத்தார்கள் என்று தேடுகிறாள்.

கையில் ஒரு பழைய அறிக்கையின் பிரதி. தொண்ணூறில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்து, புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் முஸ்லிம்கள் நாங்கள் கிடந்த காலத்தில், ஓர் உதவி நிறுவனம் ஆங்கிலத்தில் எழுதியது.

"இந்தப் பக்கத்தை வாசிச்சுப் பாருங்க அங்கிள்" என்றாள்.

முகாம் பெண் ஒருவர், முழுப் பெயரோடு, சொல்கிறாராம்: "எங்களுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. உங்கள் கருணை எங்கள் வாழ்வில் விளக்கேற்றியது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெயருக்குரிய, முகாமில் எங்களுக்கு அக்கா போலிருந்த ஜெஸீமா ராத்தா இன்றும் கற்பிட்டி வீதியில் கருவாடு போடுகிறார். கருணையாவது, விளக்காவது... அவர் வாயில் வருகிற பேச்சா இது? எந்த மகராசன் எழுதியது?

அந்தச் சூட்டோடு அஸ்ராவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ராத்தா வெயிலில் மீன் பரப்பிக்கொண்டிருந்தார். அஸ்ரா தமிழில் சொல்லிக் காட்டினாள். ராத்தா கையைக் கழுவிவிட்டு வந்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

"நான் எப்ப மகள் இப்படிச் சொன்னேன்? கக்கூசுக்குக் கதவு இல்ல, அதுக்குப் பயந்து பொம்பளையள் பகல்ல தண்ணியே குடிக்கிறல்ல எண்டுதான் சொன்னேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்கதானே அண்டைக்கு அந்த வெள்ளைக்கார நோனாக்கு இங்கிலீசில சொன்னீங்க?"

ஓம். நான்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. முகாமில் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவன். அந்த நோனா முகாமைப் பார்க்க வந்த அன்று காலை நிறுவனத்தின் உள்ளூர் அலுவலர் என்னைத் தனியே கூப்பிட்டிருந்தார். முறைப்பாடு எதையும் மொழிபெயர்க்க வேண்டாம், நோனாவின் மனம் மாறினால் எங்களுக்குத் தருவதாக இருந்த கூடாரமெல்லாம் வேறு முகாமுக்குப் போய்விடும் என்றார். பயந்துவிட்டேன். ராத்தா மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் ஒரே வரியில் முடித்தேன் - குறை ஒன்றுமில்லை, நன்றி சொல்கிறார். விளக்கேற்றியது மட்டும் அவர்களுடைய கைச்சரக்கு.

இத்தனை வருடமும் அது என் நினைவிலேயே இல்லை. மறப்பது எவ்வளவு வசதி!

மாற்றிச் சொன்னதை ராத்தாவிடம் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"நோனாட்டச் சொல்லியாச்சு, கதவு வரும் எண்டு எத்தின நாள் பாத்துக்கொண்டிருந்தோம் தெரியுமா?" என்றார். அதற்கு ஏச்சே பரவாயில்லை.

அஸ்ரா எல்லாவற்றையும் பதிவு செய்து தன் பேராசிரியருக்கு அனுப்பினாள். பதில் வந்தது: முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஞாபகத்தை வைத்து, அந்தக் காலத்து ஆவணம் ஒன்றை மறுக்க முடியாதாம்.

ஆவணம்! பயந்துபோன ஒரு பொடியனின் பொய்யை நல்ல தாளில் டைப் அடித்தால் அதற்குப் பெயர் ஆவணம். சொன்னவரே உயிரோடு இருந்து இல்லை என்றால், அது வெறும் ஞாபகம்! உதவி வாங்கியவர் நன்றி சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்காக யாராவது சொல்லிவிடுவார்கள்.

உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மொழிபெயர்த்தவன் நான், தெரிந்தே மாற்றிச் சொன்னேன் என்று கையெழுத்திட்டு அனுப்பினேன். பேராசிரியர் நியாயமான மனிதர், ஏற்றுக்கொண்டார். அத்தியாயத்தைத் திருத்தி எழுதலாம். ஆனால்... பல்கலைக்கழக விதிப்படி ராத்தாவின் உண்மையான பெயரைப் போடக் கூடாது. அவருடைய பாதுகாப்புக்காக வேறு பெயர் வைக்க வேண்டுமாம்.

எனக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. அன்றைக்கு யார் இந்தப் பெயரைப் பாதுகாத்தார்கள்?

ராத்தாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் நீளமாகக் கதைக்கவில்லை.

"பொய்க்கு என்ட பேரைப் போட்டாங்கதானே? இதுக்கும் போடட்டும். நான் கையெழுத்து வைக்கிறேன்."

வைத்தார். போன வாரம் அனுமதி வந்துவிட்டது. ஆய்வில் கதவில்லாத கக்கூஸும் இருக்கும், அதற்குக் கீழே ஜெஸீமா ராத்தாவின் முழுப் பெயரும் இருக்கும்.

எனக்கும் புனைபெயர் வேண்டுமா என்று அஸ்ரா கேட்டாள். வேண்டாம் என்றேன் - பொய் சொன்னவனுக்கு என்ன பாதுகாப்பு?