ரப்பர் மரம் தளிர்த்த நாள்

கை மாறி கை மாறி நமக்குள்ளே சுத்துற இந்தக் கடுதாசியில் இந்தத் தடவை என் முறை. இன்னைக்கு மாத்தளை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார சிஸ்டர், கன்னியாஸ்திரி. அயர்லாந்திலிருந்து வந்து ஒரு மாசம்தானாம்.

பலாபத்வல தாண்டினதும் எங்க தோட்டத்து ரப்பர் மரங்கள். போன வாரம் மொட்டையா நின்னதெல்லாம் செம்புநிறமா தளிர்த்திருந்தது. அதுக்குள்ளே புகுந்து வந்த வெயிலில் பஸ்ஸே சிவந்துபோச்சு.

சிஸ்டர் என் கையைப் பிடிச்சிக்கிட்டு இங்கிலீஷில் சொன்னாங்க: "வசந்தம்! எங்க ஊர்ல இந்த முதல் தளிருக்காக, குளிரிலும் இருட்டிலும் மாசக்கணக்கா காத்திருப்போம்." கண் கலங்கியிருந்தது.

முன் சீட்டிலிருந்த மாரியாயி அக்கா திரும்பினாங்க. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுறவங்க. "டீச்சர், இந்த சிஸ்டர் எதுக்கு அழுறாங்க?" என்று என்னைக் கேட்டாங்க.

"தளிரைப் பார்த்து, அக்கா."

"நானுந்தான் அழுறேன். இலை முத்துற வரைக்கும் பால் வெட்டு கிடையாது, வேலையும் கிடையாது. எப்ப முத்தும்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"என்ன சொல்றாங்க?" என்று சிஸ்டர் ஆவலா கேட்டாங்க.

"அவங்களும் மரத்தைப் பார்த்துக் காத்துக்கிட்டிருக்காங்களாம்" என்றேன்.

சிஸ்டர் எட்டி அக்காவோட கையையும் பிடிச்சிக்கிட்டாங்க. மாத்தளை வரைக்கும் விடலை. அக்காவும் இழுத்துக்கலை.

நான் சொன்னது பொய்யா? கடுதாசியை அடுத்த ஆளுக்கு அனுப்புறதுக்கு முன்னால, ஆளுக்கு ஒரு வரி எழுதிவைங்க.