வெறும் குழாய்கள்

என் தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்தவன் நான்தான். விதியுமல்ல, ஜாதகமுமல்ல... நான்!

எழுபதுகளின் கடைசியில் கடலோர ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அணு உலையில் எரிபொருளைப் பொதிந்து வைக்கும் உலோகக் குழாய், சூடு எல்லை மீறினால் நீராவி பட்டுத் துருவேறி நொறுங்கிவிடும். அதைத் தடுக்க, குழாயின் மேல் மெல்லிய குரோமியப் பூச்சு பூசிப் பார்ப்பது என் வேலை. எங்கள் ஊர் ஆரணியில் சொன்னால், "ஈயம் பூசற வேலையா?" என்பார்கள். என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

பூசிய குழாயை நீராவியில் காய்ச்சிச் சோதிப்பவன் ஏழுமலை, களம்பூர்க்காரன். சரியான பேஜார்! ஒவ்வொரு முறையும் குழாயை எடுத்துவந்து, மேலதிகாரி பார்க்கும்படியாக நகத்தால் சுரண்டுவான்.

"ஓரத்துல உரியுது சார். உள்ள கறுத்துகினு வருது."

அவன் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்!

அவனைத்தான் என் தங்கை வசந்தாவுக்குப் பார்த்தார்கள். பெண் பார்க்க வந்த அன்றே இருவருக்கும் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் அப்பா தறியிலிருந்து எழுந்துவந்து என்னைத் தனியாக அழைத்தார்.

"ஏம்பா, அணு ஆபீஸ்ல வேலை செய்றவனுக்குக் கொழந்த பொறக்காது, சீக்கு வரும்னு சொல்றாங்களே... நெசமா?"

எங்கள் கூடத்தில் எரிபொருளின் நிழல்கூட விழுந்ததில்லை. நாங்கள் தொட்டதெல்லாம் வெறும் குழாய், வெறும் நீராவி. கதிரியக்கம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்... சொன்னேனா? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்த நகம் என் வீட்டுக்குள்ளும் வருமே என்று நினைத்தேன்.

"சொல்றதுக்கில்லப்பா. எதுக்கு ரிஸ்க்கு" என்றேன்.

சம்பந்தம் நின்றது. வசந்தா அழுதாள். வேறு நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்றிருந்தேன். தேசூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அவள் மறுத்துவிட்டாள்.

"அண்ணனும் அங்கதான வேலை செய்யுது. அதுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாத்துக்கறது?"

இது ஏன் என் புத்தியில் தட்டவில்லை? படித்தவனாம், ஆராய்ச்சியாளனாம்... தூ!

எண்பதுகள் இப்படியே போயின. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். சனிக்கிழமை தோறும் நான் ஆரணியில் வந்து இறங்கினால், வசந்தா முதலில் என் கண் இமையை இழுத்துப் பார்ப்பாள். கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு இழுத்துப்போய் இரத்தம் எடுக்கவைப்பாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னால், "அது உள்ளுக்குள்ள இருக்கும்ணா" என்பாள். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

"எனக்கு ஒரு எழவும் இல்ல. நீ போயி கல்யாணம் பண்ணிக்கினு நிம்மதியா இரு" என்று கத்துவேன். ஏன் ஒன்றுமில்லை என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டுமே...

போன மாதம் ஆரணி பஸ் நிலையத்தில் ஏழுமலையைப் பார்த்தோம். மனைவி, இரண்டு பிள்ளைகள். சின்னவளின் கன்னத்தை வசந்தா தடவிக் கொடுத்தாள். அவர்கள் பஸ் ஏறிய பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சாமிதாண்ணா அவரக் காப்பாத்தியிருக்குது. ஒன்னையும் காப்பாத்தும், பாரு."

அப்போதாவது சொன்னேனா?

"வெயில் ஏறுது, நட" என்றேன்.