கிட்டங்கிக்கு வந்த சாதிப் பூனை

கிட்டங்கி ரைட்டர், அதாவது கிடங்குக் கணக்குப்பிள்ளை, என்றால் அரிசி மூடைகளைப் பார்த்துக்கொள்கிறவன் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குத்தான் தெரியும், அவன் எலிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவன் என்று. எலிப் புழுக்கை நாற்றத்திலேயே வாலிபத்தைக் கழித்த என் ரைட்டர் இனத்தார் யாராவது இதைப் படித்தால், நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை என்று ஒத்துக்கொள்வார்கள்.

நான் வேலை பார்த்தது தூத்துக்குடியில், துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரிசிக் கிட்டங்கியில். யுத்த காலம். ரங்கூன் அரிசி நின்றுபோயிருந்தது. ரயிலில் வருகிற கொஞ்சநஞ்சத்தைத்தான் ஊருக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். குண்டு விழும் என்ற பயத்தில் பலர் ஊரைக் காலி செய்திருந்தார்கள். நானும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் நாசரேத்தில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தேன்.

மருந்து உருண்டை

கிட்டங்கியில் ஒரு கறுப்புப் பூனை இருந்தது. யாரும் வாங்கி வந்ததில்லை, அதுவாக வந்து அதுவாகப் பிழைத்தது. எங்கள் மானேஜர் மதராஸ்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதுவும் சீக்கிரம் முடிய வேண்டும் அவருக்கு. "ஒரு பூனை எத்தனை எலியைப் பிடிக்கும்? மருந்து வையும்" என்றார். நான்தான் மாவில் மருந்தைப் பிசைந்து, உருண்டை பிடித்து, மூலைக்கு மூலை வைத்தேன். எலிகள் செத்தன. மூன்றாம் நாள், சாகிற நிலையில் தள்ளாடிய எலி ஒன்றைப் பூனை தின்றுவிட்டது. சாயங்காலம் மூடைகளுக்கு நடுவே வாயில் நுரையோடு கிடந்தது.

அதை எடுத்துப் புதைத்தவர் அந்தோணி. எங்கள் சுமையாட்களில் மூத்தவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அவர் மனைவி ரோசம்மாவும் எங்கள் கிட்டங்கியில்தான், சிந்திய அரிசியைக் கூட்டிப் புடைக்கிற வேலை. அந்தோணி கிட்டங்கிக்குப் பின்னால் மணலைத் தோண்டி, பூனையை ஒரு கிழிந்த சாக்கில் சுற்றி வைத்து மூடினார். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எலிக்கு வச்சத எலி மட்டும் திங்கும்னு எப்படி நெனச்சிய, ரைட்டரய்யா?"

எந்தச் சாதி?

பூனை போன பத்தாம் நாள் எலிகள் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வந்தன. புதுக் குட்டி ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்குள் பெரிய விவாதம். மானேஜருக்கு நல்ல சாதியாக இருக்க வேண்டும். தெருப் பூனை திருடும் என்றார். செய்யது காக்கா என்று காயல்பட்டணத்துத் தோணிக்காரர் ஒருவர் அடிக்கடி எங்கள் கிட்டங்கிக்கு வந்து உட்காருவார். அவர் கட்சி வேறு. "தோணியில பொறந்த பூனைதான் பூனை. கடல் நடுவுல எலிய விட்டா அதுக்கு வேற சாப்பாடு ஏது?" என்றார்.

ரோசம்மா வீட்டில் அப்போது ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது. சாம்பல் நிறத்தில் வரி வரியாக இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுவாள். நான் மானேஜரிடம் சொன்னேன். மீன்காரத் தெருவில் பிறந்ததெல்லாம் வேண்டாம் என்று முகத்தைச் சுளித்தார். அதை அப்படியே ரோசம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, சாதிப் பூனையாகப் பார்க்கிறார் என்றேன். அவள் முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்: "ஏன், எலி சாதி கேட்டுட்டுத்தான் ஓடுமா?"

பங்களாவிலிருந்து

அந்த வாரமே ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பியது. அவர்கள் பங்களாச் சமையல்காரர் ஒரு கூடையைக் கொண்டுவந்து மானேஜரிடம் கொடுத்தார். உள்ளே ஒரு குட்டி. பஞ்சு உருட்டி வைத்த மாதிரி வெள்ளை ரோமம், இரண்டு நீலக் கண்கள். பாரசீகச் சாதி என்றார் சமையல்காரர். மானேஜருக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே "துரை" என்று பேர் வைத்தார். தினமும் ஒரு தம்ளர் பால் அவர் வீட்டிலிருந்து வரும், நான் தட்டில் ஊற்றி வைக்க வேண்டும் என்று ஏற்பாடு.

அது பால் கிடைக்காத காலம். ரேஷன் அரிசிக்கு விடியுமுன்னே போய் நிற்கிற காலம். பால் தட்டை வைக்கும்போது சுமையாட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நான் யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒருநாள் அந்தோணி தலைத் துண்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாத மாதிரி சொன்னார்: "துரைமாரு ஊர விட்டுப் போனாலும், அவுக பூனைக்கு நம்ம கண்ணு முன்னாலதான் பாலு."

திமிர்

துரை எலி பிடிக்கவில்லை. எலி அதன் முதுகுப் பக்கமாகவே போகும், திரும்பிப் பார்க்காது. கூப்பிட்டால் வராது. பக்கத்தில் நின்று கத்தினாலும் அசையாது. வெள்ளைக்காரன் வீட்டுத் திமிர் என்று எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒருநாள் பகலில், ஆகாய விமானம் வந்தால் ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தார்கள். சோதனைதான், எங்களுக்குத் தெரியாது. அத்தனை பேரும் மூடைகளின் இடுக்கில் போய்ப் பதுங்கினோம். துரை மட்டும் வாசலில், வெயிலில், வயிறு ஏறி இறங்கத் தூங்கிக்கொண்டிருந்தது. சங்கு நின்றதும் நான் அதன் தலைக்குப் பின்னால் போய்த் தகர டப்பாவை ஓங்கித் தட்டினேன். மீசைகூட அசையவில்லை.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், அது மத்தியானம் என் மேஜைக்கடியில் வந்து என் பாதத்தின் மேல் படுத்துக்கொள்ளும். பிள்ளைகளைப் பார்த்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது எனக்கு. செவிடு என்று தெரிந்தால் மானேஜர் அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுவார். ஆனால் செய்யது காக்காவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. அவர் தோணியில் முன்பு இதே மாதிரி ஒன்று இருந்ததாம். வெள்ளை ரோமமும் நீலக் கண்ணும் சேர்ந்தால் பலதுக்குக் காது இராதாம், அதோடு பிறக்கிற குறையாம். எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "அதுக்குத்தான் கேக்காது, மத்தவங்களுக்குக் கேக்கும்ல? ஆளுங்கள்ட்ட சொல்லி வைங்க, ரைட்டர்."

பலகை

சொல்லலாம் சொல்லலாம் என்று இரண்டு வாரம் போய்விட்டது. அன்றைக்கு ஒரே சமயத்தில் மூன்று லாரி. லாரிக்கும் கிட்டங்கி வாசலுக்கும் பலகை போட்டு, மூடையை முதுகில் ஏற்றி ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வாசலுக்கு உள்ளே நின்று மூடைகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தேன். பலகை தரையைத் தொடுகிற இடத்தில் துரை வந்து உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கும்போது அந்தோணி பாதிப் பலகை இறங்கிவிட்டார். "ஏய், தள்ளு! தள்ளு துரை!" என்று சத்தம் போட்டார். எந்தப் பூனையானாலும் ஓடிவிடும் என்றுதானே நினைப்பார்கள்? அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. கடைசி அடியில்தான் அது ஓடாது என்று தெரிந்தது. மிதிக்காமல் இருக்கக் காலைத் திருப்பினார். பலகை சறுக்கியது. அவர் விழுந்தார், மூடை அவர் வலது முழங்காலின் மேல் விழுந்தது.

அந்தச் சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது. மூடையை நாலு பேர் தூக்கினார்கள். ரோசம்மா முறத்தைப் போட்டுவிட்டு, "சேசுவே, சேசுவே" என்று ஓடிவந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். தரை அதிர்ந்ததில் அப்போதுதான் விலகி ஓடிய பூனை, ஒரு மூடை மேல் நின்று எங்களையே பார்த்தது. அந்தோணி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார்: "கத்துனேனே, ரைட்டரய்யா... பக்கத்துல வந்து கத்துனேனே. அது ஏன் நவுரல?"

சொன்னது

முழங்கால் சிப்பி உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, பல வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கால் இனி மடங்காது என்றார்கள். நான் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் வெயிலைப் பற்றியும் யுத்தத்தைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை வீட்டுக்குப் போனேன். கடற்கரையை ஒட்டிய ஓலை வீடு. அந்தோணி காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடியும் வெயிலைப் பற்றித்தான் பேசுவேன் என்று தெரியும். அந்தப் பூனைக்குக் காது கேட்காது, எனக்கு முன்னமே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தோணி நீட்டியிருந்த காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரோசம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ஒத்த வார்த்த, ரைட்டரய்யா. ஒத்த வார்த்த சொல்லியிருந்தா நாங்க பாத்து நடந்திருப்போம்லா?"

மானேஜர்

மறுநாள் மானேஜரிடமும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று ஒரு முடிவோடுதான் போனேன். அந்தோணிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுக்க வேண்டும், கிழிந்த சாக்குத் தைக்கிற வேலைக்கு ஆள் இல்லை, அதைக் கொடுங்கள் என்றேன். கொடுக்காவிட்டால், பூனையின் குறை எனக்குத் தெரியும் என்பதையும் அதைக் கிட்டங்கியில் வைத்தவர் யார் என்பதையும் முதலாளிக்கு எழுதுவேன் என்றேன். அப்படிப் பேசக்கூடியவன் என்று என்னை நானே நினைத்ததில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அந்தோணிக்குச் சாக்குத் தைக்கிற வேலை கிடைத்தது. துரையை உப்பளத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு, பிறகு அதை என் அறைக்குக் கொண்டுபோனேன். அன்றைக்கு அவரிடமிருந்து கிளம்பி நான் கதவருகே போனபோது பின்னாலிருந்து சொன்னார்: "அடுத்த குட்டியை நீரே பாரும். எனக்குச் சாதி, கீதி ஒன்றும் வேண்டாம்."

வரிப்பூனை

அப்படித்தான் ரோசம்மா வீட்டு வரிக்குட்டி கிட்டங்கிக்கு வந்தது. கேட்கப் போக எனக்கு முகம் இல்லை. அவளே ஒருநாள் முந்தானையில் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். என்னிடம் பேசவில்லை. குட்டி வந்த அன்றே காலடிச் சத்தத்துக்கெல்லாம் காதைத் திருப்பியது. மூன்றாம் வாரத்தில் தன் முதல் எலியைப் பிடித்தது. அப்புறம் தினம் ஒன்று, இரண்டு. நாட்டுப் பூனைதான் சரி என்று எல்லாரும் தீர்ப்புச் சொன்னார்கள். மானேஜர்கூட அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

இரண்டு மாசம்தான். ஒருநாள் காணவில்லை. தேடிப் போனால், மீன் இறக்குகிற இடத்தில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன்; மறுபடி போய்விட்டது. நாலு தடவைக்குப் பிறகு நானும் விட்டுவிட்டேன். எலிகள் திரும்பிவிட்டன. வீட்டில் அப்படிக் கேட்டதற்குப் பிறகு ரோசம்மா என்னிடம் பேசிய முதல் பேச்சு அப்போதுதான்: "அதுக்கும் வயிறு இருக்குல்லா. மீனு கெடக்கிற எடத்த விட்டுட்டு இங்கன வந்து எலி திங்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?"

சாக்குத் தைக்கிற இடம்

துரை என் அறையில் இருந்தது. காது கேட்காத பூனை எவ்வளவு உரக்கக் கத்தும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். அதற்குத் தன் சத்தமே தெரியாது. பக்கத்து அறைக்காரர்கள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது, சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அந்தோணி ஊசியை நிறுத்திவிட்டு, "அது இருக்கா, செத்துட்டா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "கொண்டாங்க" என்றார். எதற்கு என்று கேட்கவும் பயம், கொண்டுபோகவும் பயம். மறுநாள் கூடையில் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு நீளக் கயிற்றில் கட்டித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மானேஜர் கண்டும் காணாத மாதிரி போனார். தடவிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். பூனை கயிறு எட்டுகிற தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தோணி தன் ஊன்றுகோலைத் திருப்பி, மரப்பலகை பாவியிருந்த தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். பூனை உடனே திரும்பிப் பார்த்து, எழுந்து, நேரே அவரிடம் வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "காலு வழியா கேக்குது, ரைட்டரய்யா. நீங்க சொல்லியிருந்தா, நான் கத்தியிருக்க மாட்டேன். பலகையில ஒரு மிதி மிதிச்சிருப்பேன்."

உயர்ந்த சாதி, நாட்டுச் சாதி என்று இரண்டு குட்டியையும் வளர்த்துப் பார்த்த அனுபவஸ்தன் என்ற முறையில் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: நான் வேலையை விட்டு வந்த அன்றைக்கும் அந்தக் கிட்டங்கியில் எலிகள் சௌக்கியமாகவே இருந்தன.