குவைட் கிளியர்

மனைவியின் மார்பில் இருந்த கட்டியை எடுத்து, சிகிச்சையெல்லாம் முடிந்து, ஸ்கேன் முடிவு கேட்கக் கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நான் காரை நிறுத்த இடம் தேடிவிட்டு வருவதற்குள் அவள் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

“எல்லாம் கிளியராம். வாங்க, பாசிர் பெனம்பாங்குல எறா வாங்கிட்டுப் போவோம்.”

“டாக்டர் என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு.”

“குவைட் கிளியர்னாங்க.”

அந்தக் குவைட் எனக்குப் பிடிக்கவில்லை. ரவாங் தொழிற்சாலையில் என் சூப்பர்வைசர் “குவைட் ஓகே லா” என்று சொன்ன பெட்டி எதுவும் நேராக லோரி ஏறியதில்லை. பிரித்து மறுபடி அடுக்கச் சொல்வார். பாலத்தில் போகும்போது ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். பாடிக்கொண்டு வந்தாள். காரில் பாடுகிற வழக்கமே அவளுக்குக் கிடையாது. டாக்டரும் இவளும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்களோ?

பத்தாங் பெர்ஜுந்தாயில் வீடு வந்ததும் மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். போனில் தேடிப் பார்த்தாள்.

“முழுசாங்கறதும் குவைட்தான்பா. ஓரளவுக்குங்கறதும் குவைட்தான்.”

“ஒரே வார்த்தைக்கு ரெண்டும் எப்படி?”

“முதல்ல முழுசா மட்டுந்தான். பழைய பிரெஞ்சுல விடுபட்டதுன்னு ஒரு வார்த்தையாம், அதுலேர்ந்து வந்திருக்கு. வேலைய குவிட் பண்றோம்ல, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். ஓரளவுங்கறது பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு.”

“கிளியரோட சேந்தா எது?”

“சொல்றவங்க குரலப் பொறுத்துப்பா.”

அந்தக் குரலைத்தான் நான் கேட்கவில்லையே.

மறுநாள் மனைவியை வற்புறுத்தி மறுபடி அழைத்துப் போனேன். டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. முழுசா, ஓரளவா, எந்தக் குவைட் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மலாயில் நிதானமாகச் சொன்னார்: சுத்தம், முழுக்கச் சுத்தம், ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த வருடம் வந்து இன்னொரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். எதற்கு என்று உடனே கேட்டேன். இந்தச் சிகிச்சை முடிந்த எல்லோருக்கும் அப்படித்தானாம்.

காரில் ஏறியதும் மனைவி விம்மி விம்மி அழுதாள். “நான் சொன்னத நம்பலியே” என்று கோபிக்கப் போகிறாள் என நினைத்தேன்.

“எனக்கும் அந்த வார்த்த சந்தேகமாத்தாங்க இருந்திச்சி,” என்றாள். “திருப்பிக் கேட்டா வேற ஏதாச்சும் சொல்லிருவாங்களோன்னுதான் எந்திரிச்சி வந்துட்டேன்.”

நான் காரை எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.