ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெரியணும்

பிரிண்டரிலிருந்து தாள் முழுதாக வெளியே வருமுன்பே சந்தனமாரி செருப்பை மாட்டிவிடுவாள். தாளைக் கடை ஷட்டரில் ஒட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து, எதிரே சுடலையம்மாளின் பூக்கடை ஓரமாக நின்று திரும்பிப் பார்ப்பாள். அங்கிருந்து எது கண்ணில் படுகிறதோ அதுதான் நோட்டீஸில் தங்கும். நடுவில் எட்டயபுரம் பஸ் வந்து மறைத்தால், போகட்டும் என்று காத்திருப்பாள். "வாங்குதவன் உக்காந்தா வாசிக்கப் போறான்? நடந்துக்கிட்டே ஒரு பார்வ. அந்த ஒரு பார்வைக்குத்தான நாம வேல செய்யுதோம்" என்பாள்.

கோவில்பட்டியில் தெருவுக்கு ஒரு டி.டி.பி. கடை முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. சந்தனமாரி கழுகுமலையிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். திரையைப் பார்த்தபடியே விரல்கள் ஓடும். எழுத்துப் பிழை என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு மதியச் சோறு இறங்காது.

நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களிடம் முதலில் ஒரே கேள்விதான். "பேரு எத்தன, படம் எத்தன?" கோயில் கொடை நோட்டீஸ், சடங்குப் பத்திரிகை என்று பெயர்கள் வரிசை கட்டினால் பேஜ்மேக்கர் என்ற சாஃப்ட்வேரைத் திறப்பாள். படமும் வண்ணமும் வேண்டுமென்றால் கோரல் டிரா. கடைக்காரர் நந்தகோபாலுக்கு இந்தப் பாகுபாடு பிடிக்காது. புதிதாக வந்திருந்த கோரலின் பூ மூலைகளும் வானவில் எழுத்தும் அவரை மயக்கியிருந்தன.

"எல்லாத்தையும் அதுலயே செய்யும்மா. ஊரே அசந்துரும்."

"அசந்துரும் அண்ணாச்சி. ஆனா வாசிக்காது."

2001இல் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நாகலாபுரம் பக்கமிருந்து சௌந்தரபாண்டியன் என்ற வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வந்தார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. நிற்பது அவர் மனைவி வெயிலுகந்தம்மாள். அவர் கையில் இருந்தவை தன்னுடைய படங்கள் நான்கு, ஆதரவாளர் பெயர்கள் முப்பத்தொன்று, மனைவியின் படம் தபால்தலை அளவில் ஒன்று.

"என் படத்தப் பெரிசாப் போடு தாயி. அவ பேருக்குத்தான் நிக்கா. ஓட்டு என் மூஞ்சிக்குத்தான் விழும்."

நந்தகோபாலுக்கு உற்சாகம். "கோரல்ல போட்டுருவோம்!"

கூட வந்திருந்த வெயிலுகந்தம்மாள் வாசலோரம் மஞ்சள்பையை அணைத்துக்கொண்டு நின்றார். சந்தனமாரி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். "அக்கா, ஜெயிச்சா என்ன செய்வீய?"

சௌந்தரபாண்டியன் வாயைத் திறந்தார்.

"அவிய சொல்லட்டும் அண்ணாச்சி."

வெயிலுகந்தம்மாள் கணவரை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குழா ஓடைக்கு அங்கிட்டு இருக்கு. மழ பெஞ்சா கரிசல் கால விடாது. கொடத்தோட விழுதோம். தெருவுக்குள்ள ஒரு குழா கொண்டாந்துருவேன்."

சந்தனமாரி இரண்டு நோட்டீஸ் செய்தாள். ஒன்று கோரலில், கணவர் கேட்டபடி. இன்னொன்று பேஜ்மேக்கரில்: பெரிதாக வெயிலுகந்தம்மாள் பெயர், முகம், பூட்டு சாவிச் சின்னம், அவர் சொன்ன வாக்கியம். வேறொன்றுமில்லை. இரண்டையும் ஷட்டரில் ஒட்டி, சௌந்தரபாண்டியனை எதிர்ச்சாரிக்கு அழைத்துப் போனாள்.

பூக்கட்டிக்கொண்டிருந்த சுடலையம்மாள் கண்ணை இடுக்கினார். "அது பூராம் தலையாத் தெரியுது. இதுல... வெயி...லு...கந்தம்மாள். பூட்டு சாவி. தெருவுக்குள்ள ஒரு குழா." நிமிர்ந்து கேட்டார்: "யாருட்டி இவிய? எங்க தெருவுலயும் வந்து நிக்கச் சொல்லேன்."

சௌந்தரபாண்டியன் இரண்டு பஸ் போகும்வரை அங்கேயே நின்றார். கடைக்குத் திரும்பியதும், "அதையே அடிச்சிரு தாயி. அடியில என் பேரு ஒண்ணு மட்டும் கெடக்கட்டும்" என்றார். சந்தனமாரி சிறிய எழுத்தில் சேர்த்தாள்.

இருபத்திரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வெயிலுகந்தம்மாள் ஜெயித்தார். குழாய் வர இரண்டு வருஷம் பிடித்தது. இப்போது கடையில் வேறு கம்ப்யூட்டர், வேறு சாஃப்ட்வேர்; ஷட்டரில் தாள் ஒட்டுவது மட்டும் நிற்கவில்லை. அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டால் சந்தனமாரி வெற்றியைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். நோட்டீஸ் அடித்த அன்றைய சாயங்காலத்தைத்தான் சொல்வாள்.

சௌந்தரபாண்டியன் பஸ் பார்க்கப் போய்விட்டார். ஷட்டரிலிருந்து எடுத்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று வெயிலுகந்தம்மாள் கேட்டார். பைக்குள் வைக்க மடிக்கப் போனவர், மடிப்பு தன் பெயரின் மேல் விழுவதைப் பார்த்து நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சுருட்டினார். சுருள் கையில் நிற்காமல் விரிந்துகொண்டே வந்தது.

சந்தனமாரி பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, நுனியிலிருந்த கறுப்பு ரப்பர் பேண்டை உருவி, சுருளில் மாட்டிவிட்டாள்.